நாலடிக்குக் கீழே

நவம்பர் 3

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. பதினொரு பக்கம், ஆறு மாதத்துக்குச் சோதனை அனுமதி. மூன்று முறை படித்தேன். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. பாதிக்கு மேல் நான் எழுதிக் கொடுத்த வாசகங்கள்தான் என்பதால் இருக்கலாம்.

பத்து வருடமாக என்னை உறுத்திய விஷயம் இது. தாண்டவனூரைச் சுற்றி ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்கள் இருபத்திரண்டு இருக்கின்றன. மரவள்ளிக் கிழங்கைக் கழுவி அரைத்து மாவெடுத்த பின் மிஞ்சும் புளித்த வெள்ளைத் தண்ணீர் முழுவதும் குழாய் வழியாக, மில் சங்கம் நடத்தும் எங்கள் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அந்த அழுக்கைத் தின்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை மூச்சுவிட ஆறு பெரிய ஊதிகள் ஓயாமல் தொட்டிக்குள் காற்றடிக்கின்றன. கரண்டு எல்லாம் அங்கேதான் போகிறது. வெளியே விடும் தண்ணீரில் அழுக்கின் அளவு லிட்டருக்கு முப்பது மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கோணையாறு கரை புரண்டாலும் முப்பது, சித்திரையில் ஒரு கோடாகக் கிடந்தாலும் முப்பது. வெள்ளக் காலத்தில் அந்த முப்பதுக்காக எரிக்கும் கரண்டால் ஆற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை. செலவு தாங்காமல் போன வருடம் மூன்று சின்ன மில்கள் பூட்டிக்கொண்டன.

இனி பாலத்துத் தூணில் வரைந்த அளவுகோலில் நாலடியோ அதற்கு மேலோ தண்ணீர் ஓடினால் தொண்ணூறு வரை விடலாம். நாலடிக்குக் கீழே இறங்கிய அன்றே பழையபடி முப்பது. காலை ஏழு மணிக்கு அளவு பார்த்துக் கையெழுத்திட வேண்டியது ஆய்வகப் பொறுப்பாளர். அதாவது நான், செ. கோகிலவாணி.

ஏழாவது நிபந்தனைப்படி அன்றாட அளவுகளைப் பாலத்தருகே ஒரு போர்டில் ஊருக்குத் தெரிய எழுத வேண்டும். மில் சங்கத் தலைவர் நல்லதம்பி கையெழுத்துப் போட்டபோது அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. நானும் திருப்பிக் காட்டவில்லை.

நவம்பர் 5

ஆற்றில் ஏழடி. ஆறு ஊதிகளில் மூன்றை நிறுத்தினோம். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அர்த்தநாரி சுவிட்சில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நெசமாவே நிறுத்தட்டுங்களா மேடம்? பதினாலு வருசத்துல நான் நிறுத்தினதே இல்லீங்க."

"நிறுத்துங்க."

சத்தம் பாதியானது. தொட்டியோரம் வேப்பமரத்தில் இத்தனை குருவிகள் இருப்பது இன்றுதான் தெரிந்தது.

நவம்பர் 20

கீழத்தோட்டத்திலிருந்து பாவாத்தாள் என்ற அம்மா வந்தார். எங்கள் தண்ணீர் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு ஒரு மைல் கீழே அவருக்கு மூன்று ஏக்கரும் ஐந்து கறவை மாடுகளும். போர்டைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

"முப்பது விட்டுட்டு இருந்தீங்க. இப்ப எண்பத்தி ரெண்டுன்னு எழுதியிருக்குது. வெள்ளம் வந்தா யாரும் பாக்க மாட்டாங்கன்னு கொட்டறீங்களாக்கும்?"

"பாக்கணும்னுதானுங்கக்கா போர்டுல எழுதறது," என்றேன்.

அவரையே கூட்டிக்கொண்டு அவர் தோட்டத்துத் துறையில் இறங்கி ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்தேன். ஆய்வகத்தில் அவர் கண் முன்னாலேயே சோதித்தேன். தண்ணீரில் மீன் மூச்சுவிடத் தேவையான காற்று நிறையவே கரைந்திருந்தது, லிட்டருக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல். நாலுக்குக் கீழே போனால்தான் கவலை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. தண்ணி வத்தறப்பவும் வந்து இதே மாதிரி பாட்டில்ல புடிச்சுக் காட்டுவீங்களா?"

"காட்டறேன்."

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. என் சொல்லை யாரும் அப்படி எடைபோட்டுப் பார்த்ததில்லை.

டிசம்பர் 14

ஆற்றில் ஐந்தே முக்கால் அடி. போன வருடம் பூட்டிய மூன்று மில்களில் ஒன்று திறந்திருக்கிறது. கிழங்கு உரிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் இன்று பஸ்ஸில் என்னுடன் வந்தார்கள்.

சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் மைக்கில், "நம்ம செங்கோடன் சம்சாரம், நம்ம வீட்டுப் பிள்ளை," என்றார். இவர், என் கணவர், தலைவரின் மில்லில் மேஸ்திரி. கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்தவர் இவர்தான்.

ஜனவரி 6

நாலே காலடி. மழை நின்று மூன்று வாரம். மீதி மூன்று ஊதிகளையும் இப்போதே ஓட்டத் தொடங்கினால் நல்லது. கிருமிகள் ஒரே நாளில் பெருகிவிடாது, மூன்று நாளாவது வேண்டும். தலைவரிடம் சொன்னேன். பொங்கல் வரைக்கும் பொறுக்கச் சொன்னார். மில்கள் எல்லாம் முழு அரைப்பில் இருக்கின்றன.

ஜனவரி 9

நாலடி. கையெழுத்திட்டேன்.

காலையில் பனி. தூணின் அளவுகோல் சரியாகத் தெரியவில்லை. தலைவர் ஆறே காலுக்கே போன் செய்திருந்தார். மதியம் தலைவலி, அரை நாள் விடுப்பு.

ஜனவரி 10

மூன்றரை. ஆறு ஊதிகளையும் ஓட்டச் சொன்னேன்.

"நேத்து நாலு, இன்னிக்கு மூணரைங்களா? ஒரே நாள்ல அரையடி எறங்கிருச்சா மேடம்?" என்றார் அர்த்தநாரி.

அவர் கேட்டது சாதாரணமாகத்தான். வேறு வேலை இருந்ததால் ஆய்வகத்துக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 13

அழுக்கின் அளவைக் காட்டும் சோதனைக்கு விடை தெரிய மூன்று நாள் ஆகும். பத்தாம் தேதித் தண்ணீரின் விடை இன்று வந்தது. எண்பத்தெட்டு. இருக்க வேண்டியது முப்பது.

அதே நேரத்தில் பாவாத்தாள் ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் வந்தார். கூடை நிறையச் செத்த கெண்டை மீன்கள். மேஜை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"மாடு மூணு நாளா ஆத்துத் தண்ணியில வாய் வெக்கல. பாட்டில் எடுத்துட்டு வாங்க லேப்பம்மா. காட்டறேன்னு சொன்னீங்கல்ல."

போனேன். பிடித்தேன். துறையிலேயே சோதித்தேன். கரைந்த காற்று ஒன்றரை. அவர் கேட்டார், எண்ணைச் சொன்னேன்.

திரும்பும் வழியில் போர்டில் எழுதினேன்: ஆற்றில் மூன்றே கால் அடி. அனுமதித்த அளவு முப்பது. பத்தாம் தேதி விட்டது எண்பத்தெட்டு. ஒரு மணி நேரத்தில் தலைவர் போன் செய்தார்.

"ஏம்மா, போர்டுல எதுக்கு அதையெல்லாம் எழுதற? பொங்கலும் அதுவுமா. அழிச்சுடு."

"ஏழாவது நிபந்தனைங்க."

"அது யாரு எழுதினது?"

"நான்தானுங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 14

பொங்கல். பானை கிழக்குப் பக்கம் பொங்கியது. இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது.

ஜனவரி 17

சங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைவரும் செயற்குழுவில் நாலு பேரும் இருந்தார்கள். காபி வந்தது. தலைவர் நிதானமாகவே பேசினார்.

"பாரும்மா, பாலத்துக்கிட்ட ஆறு அகலம். அதனால ஆழம் கம்மியாத் தெரியுது. மேலாக்க தடுப்பணை இருக்குதுல்ல, அங்க ஒரு அளவுகோல் வரைஞ்சிருக்கோம். இனிமே அங்க பாத்து எழுது. அங்க அஞ்சடி நிக்குது."

"நிக்குதுங்க. ஓடலீங்க," என்றேன். "ஓடுற தண்ணிதானுங்க அழுக்கைக் கரைச்சுக் கொண்டு போகும். அணைக்குப் பின்னால தேங்கி நிக்கறது குட்டை. அதுல அம்பது அடி இருந்தாலும் கீழத்தோட்டத்துக்கு ஒரு சொட்டு போகாது."

"நீ போட்ட திட்டம்தானே இது? தண்ணி அளவுக்குத் தக்க மாத்திக்கலாம்னு நீதானே எல்லாரையும் ஒத்துக்க வெச்ச?"

"மாத்திக்கலாம்னுதான் சொன்னேன். ஏத்தறதுக்கு மட்டும் மாத்திக்கலாம்னு சொல்லலீங்க."

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். நடை நல்லது.

ஜனவரி 19

நிலையத்துக்குப் போனால் மூன்று ஊதிகள் மறுபடி நின்றிருக்கின்றன. நிலைய மேலாளர் உத்தரவாம். பாலத்துப் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு கம்புகள் மட்டும் நிற்கின்றன.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். போர்டைவிட இது அகலம். பஸ்ஸிலிருந்தே படிக்கலாம்.

ஜனவரி 21

பதிவேட்டில் "அளவு எடுத்த இடம்: தடுப்பணை" என்று மேலாளர் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார். அடித்துவிட்டுப் "பாலம்" என்று எழுதினேன். மூன்றடி. கையெழுத்து. அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்து.

ஊதிகள் நின்றதையும் போர்டு போனதையும் எழுதி மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன்.

ஜனவரி 24

இதை எழுதாமல் இரண்டு வாரம் கடத்திவிட்டேன்.

ஒன்பதாம் தேதி பனி இருந்தது உண்மை. அளவுகோல் தெரியவில்லை என்று எழுதியது பொய். குனிந்து பார்த்தேன், தெளிவாகத் தெரிந்தது. மூன்றே முக்கால். தலைவர் கேட்டது ஒரே ஒரு நாள். இவர் மேஸ்திரி வேலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "செங்கோடன் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார். நான் நாலு என்று எழுதினேன்.

ஒரு நாள் முன்னால் ஊதிகள் ஓடியிருந்தால் அத்தனை மீன்களும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சில பிழைத்திருக்கும்.

காலையில் கீழத்தோட்டத்துக்குப் போய்ப் பாவாத்தாளிடம் சொன்னேன். அவர் பால் கறந்துகொண்டிருந்தார். கறப்பதை நிறுத்தவில்லை. செம்பு நிறைந்த பிறகுதான் பேசினார்.

"இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"செத்தது உங்க துறையிலங்கக்கா."

"பொய் எழுதறவங்கள நம்பாம இருந்து எனக்குப் பழக்கம். எழுதினேன்னு வந்து நிக்கறவங்கள என்ன பண்றதுன்னு தெரியல." செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உட்காரச் சொல்லவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மாலையில் மாவட்ட அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம். இது என்னைப் பற்றிய புகார், நானே எழுதியது.

பிப்ரவரி 2

தற்காலிகப் பணிநீக்கம். "நிலையத்தின் நற்பெயருக்குக் களங்கம்." ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பதினேழு வருடச் சாவி. அர்த்தநாரி வாசல் வரை என் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

உத்தரவின்படி மாவட்ட அலுவலகத்தின் சம்மதமில்லாமல் கையெழுத்திடும் ஆளை மாற்ற முடியாது. அதையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

இவரிடம் மில்லில், "சம்சாரத்துக்குச் சொல்லி வை," என்றார்களாம்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லி வெக்கச் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான்," என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பிப்ரவரி 3

பாலத்தில் நின்று அளவுகோலைப் பார்க்க யார் அனுமதியும் தேவையில்லை. காலை ஏழு மணி. இரண்டே முக்கால் அடி. சுவரில் எழுதினேன்.

பிப்ரவரி 7

சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். கரியால் எழுதினேன். முன்னைவிட எடுப்பாகத் தெரிகிறது.

பிப்ரவரி 11

ரேஷன் கடை. அரிசி மட்டும், பருப்பு அடுத்த வாரம். வரிசையில் இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கிழங்கு உரிக்கும் பெண்களில் ஒருத்தி, "எங்க வேலையைக் கெடுத்துறாதீங்கக்கா," என்றாள். அவளுக்கு மட்டும் நின்று பதில் சொன்னேன். திட்டம் செத்தால் அவள் மில் மறுபடி பூட்டிக்கொள்ளும். தலைவர் சொன்னபடி ஆடினால் திட்டம் சாகும். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. புரியும்படி சொல்ல எனக்குத்தான் வரவில்லையோ.

ஆற்றில் இரண்டடி.

பிப்ரவரி 20

விசாரணை. மாவட்டத் தலைநகரில் ஒரு மாடி அறை. அதிகாரி ஒரு பெண்மணி, என்னைவிட இளையவர். என் மூன்று கடிதங்களும் அவர் முன்னால் இருந்தன.

விவசாயிகள் தரப்பில் பத்துப் பேர். இந்தத் திட்டமே வேண்டாம், வருடம் முழுக்க முப்பதுதான் என்றார்கள். மில் தரப்பில் தலைவரும் வக்கீலும். தடுப்பணை அளவை ஏற்றுக்கொண்டு தொண்ணூறையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது.

"ரெண்டு பேர் கேக்கறதையும் குடுக்காதீங்க மேடம்," என்றேன்.

அறையில் முணுமுணுப்பு. நான் நிறுத்தவில்லை.

"வெள்ளத்துல முப்பதுக்குச் சுத்தம் பண்றது வீண் செலவு. நவம்பர்லயும் டிசம்பர்லயும் தொண்ணூறு வரைக்கும் விட்டோம். கீழத்தோட்டத்துல ஒரு மீன்கூடச் சாகல. அளவுச் சீட்டெல்லாம் இருக்கு. ஆனா இன்னிக்கு ஆத்துல ஒன்றரை அடி. இந்தத் தண்ணிக்கு முப்பதே அதிகம். இருபதுக்குக் கொண்டு வரணும். மழைக்கு வாங்கின சலுகையை வெயில்ல திருப்பிக் குடுக்கணும். குடுக்க முடியாதுன்னா மழையிலயும் கேக்கக் கூடாது."

"இருபதா?" என்று தலைவர் எழுந்தார். "அதுக்கு மில்லையே மூடணும்."

"மூட வேண்டாங்க. முறை வெச்சு அரைக்கலாம். ஒரு நாளைக்குப் பாதி மில். தொட்டிக்குப் பாதி அழுக்குதான் வரும்."

"இந்தம்மாவை நம்பியா?" என்றார் வக்கீல். "ஜனவரி ஒன்பதாம் தேதி தப்பான அளவு எழுதினதா இவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்க."

"ஆமாங்க," என்றேன். "மூணே முக்காலை நாலுன்னு எழுதினேன். பயந்துட்டு எழுதினேன். அதனாலதான் கேக்கறேன், என் ஒரு கையெழுத்தை நம்பாதீங்க. என்னை யாரும் மிரட்டலாம். கூட இன்னொரு கையெழுத்து வேணும். தண்ணி யாருக்குப் போய்ச் சேருதோ அவங்க கையெழுத்து."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு விவசாயிகள் பக்கம் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டமே வேண்டாம் என்று வந்தவர்கள் அதற்குக் கையெழுத்துப் போட எப்படி முன்வருவார்கள்?

பாவாத்தாள்தான் எழுந்தார். "எழுதறது சரியா இருந்தாத்தான் போடுவேன். இல்லாட்டி போட மாட்டேன். அப்படின்னா எம் பேரைப் போட்டுக்குங்க."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 6

திருத்திய உத்தரவு. பாலத்து அளவுகோல்தான். நாலரை அடிக்கு இறங்கும்போதே எல்லா ஊதிகளும் ஓட வேண்டும். இரண்டடிக்குக் கீழே அளவு இருபது, மில்கள் முறை வைத்து அரைக்க வேண்டும். முறை தவறும் மில்லின் குழாயை மூடும் அதிகாரம் ஆய்வகப் பொறுப்பாளருக்கு. அந்தப் பொறுப்பில் இருப்பவர் மாற்றப்படக் கூடாது. பாவாத்தாளின் கையெழுத்து இல்லாத நாள், அனுமதி இல்லாத நாள்.

என் பணிநீக்கம் ரத்து. ஜனவரி ஒன்பதுக்காக ஒரு வருட ஊதிய உயர்வு இல்லை. சரிதான்.

தலைவர் சாவியை மேஜையில் வைத்துத் தள்ளினார். கையில் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 10

இருபத்தாறு. போதாது. பாவாத்தாள் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். சரியாகத்தான் செய்தார். சின்ன மில்காரர்கள் மூன்று பேர் வந்து, முறையில் இன்னும் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்வதாக அவர்களே சொன்னார்கள். மழையில் கிடைத்த மிச்சம் அவர்களுக்குத்தான் பெரிது, இழக்க விரும்பவில்லை.

மார்ச் 14

பத்தொன்பது. பாவாத்தாள் பதிவேட்டில் அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "மோர் இருக்குது, வாங்கிட்டுப் போங்க," என்றார்.

மார்ச் 19

ஆற்றில் ஒன்றேகால் அடி.

இன்று தலைவரின் மில்லுக்கு ஓய்வு முறை. எட்டு மணிக்கு அவர் குழாயில் வெள்ளைத் தண்ணீர் பாய்ந்து வந்தது. போன் செய்தேன்.

"ஒரு லோடு கெழங்கு அழுகிட்டு இருக்குதும்மா. இன்னிக்கு ஒரு நாள்."

"ஒரு நாள்னு சொல்லாதீங்க," என்றேன். "அரை மணி நேரம் தர்றேன். அரைப்பை நிறுத்துங்க."

"நீ மூட மாட்ட. உம் புருசன் இங்கதான் மெசின்கிட்ட நிக்கறான்."

அரை மணி நேரம் தொட்டியோரம் நின்றேன். தண்ணீர் நிற்கவில்லை. அர்த்தநாரி வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கி நானே மூடினேன். பதினெட்டுச் சுற்று. கடைசி மூன்று சுற்று இறுகிக்கொண்டு வரவில்லை, காலை ஊன்றிக்கொண்டு திருப்பினேன். பதிவேட்டில் நேரத்தையும் மில்லின் பெயரையும் எழுதி, என் பெயரை முழுதாக எழுதினேன்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். இவர் முன்னாலேயே வந்து அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"தண்ணி எதிர்த்துக்கிட்டு மில்லுக்குள்ளயே வந்துருச்சு. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க," என்றார். "நீதான் மூடினியா?"

"நான்தான்."

"அர்த்தநாரி இல்லியே?"

"இல்லீங்க. நானே."

இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார்.

"நாளான்னிக்கும் எங்க மில்லுக்கு ஓய்வு முறைதான். அவரு அன்னிக்கும் ஓட்டுவாரு. கேக்கற ஆளில்ல. அன்னிக்கும் மூடுவியா?"

"ஓட்டினா மூடுவேன்."

தலையை ஆட்டினார். உரித்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப நாளான்னிக்கும் மத்தியானம் நான் வீட்லதான். அரிசி ஒரு பிடி சேத்துப் போடு."